ஐநூறாவது நாள் மிட்டாய்

...இல்ல மேடம், நான் தெரியாமத்தான் கேக்கறேன். பன்னெண்டு வருசமா ஒரே கட்டடத்துல கரன்ட்டு வேல பாக்கற மனுசன். எந்த வயர்ல கை வைக்கலாம், எதுல வைக்கக் கூடாதுன்னு அவருக்குத் தெரியாதா? தெரியும்ல? தெரிஞ்சே வெச்சாருன்னா அதுக்குப் பேரு என்ன மேடம்? திமிரு! ... தல, தல! பாத்து வாங்க. இந்த ரூமக் கட்டின கொத்தனாரு அர ஆளு ஒசரந்தான் இருந்திருப்பாரு. எனக்கே ஒரு நாளைக்கு ரெண்டு தடவ வீங்கும். உக்காருங்க. நாற்காலியெல்லாம் கெடையாது, இந்த வயர்ச் சுருள் மேல உக்காருங்க, சோபா தோத்துடும்.

அந்த ஃபைல்லதான் மச்சான் பேப்பர் இருக்கா? ஆமா, மச்சான்னுதான் சொன்னேன். எங்க அக்கா புருசன். ஏன் அப்டி முழிக்கறீங்க? ஒங்ககிட்ட யாரும் சொல்லலையா? சரி, நீங்க மேனேஜரா வந்து ரெண்டு நாளுதான ஆச்சு. இந்தக் கட்டடத்துக்கு எலக்ட்ரீசியன் எங்க மச்சான், கம்ப்யூட்டர் வயர்க்காரன் நானு. அவரு மேல கம்ப்ளெயின்ட் குடுத்ததும் நான்தான். சொந்தமாவது பந்தமாவது! தப்புன்னா தப்பு. பன்னெண்டு மணிக்கு நீங்க கையெழுத்துப் போட்டா ஆளு வீட்டுக்குன்னு ஓனரு சொல்லிட்டாராமே? போடுங்க. தாராளமாப் போடுங்க. ஆனா வந்த மூனாம் நாளே ஒருத்தர வேலையவிட்டு அனுப்பறீங்க, நாலு பேரு நாலு விதமாப் பேசுவாங்க. அதான் ஒங்களக் கையோட கூட்டிட்டு வந்தேன். கண்ணால பாத்துட்டுப் போடுங்க. நேத்து மூனு மாடியில வேலையக் காட்டிட்டாரு. இன்னிக்கு நாலாவது. இங்கதான் வந்தாகணும். வரட்டும்! கையும் களவுமாப் புடிப்போம். சத்தம் காட்டாம உக்காந்திருக்கணும், அவ்ளோதான்...

என்னது? நான்தான் சத்தமா? சரி, சரி. மெதுவாப் பேசறேன்.

இதோ, பச்சப் பச்சையாக் கண்ணச் சிமிட்டிக்கிட்டு இருக்குல்ல, இதுதான் பொட்டி. படிச்சவங்க சுவிட்சும்பாங்க. லைட்டு போடற சுவிட்ச் இல்ல. இந்த மாடியில இருக்கற கம்ப்யூட்டரு, போனு, கேமரா, எல்லா வயரும் இதுக்குள்ள வந்துதான் வெளிய போகும். மாடிக்கு ஒன்னு. எங்க ரெண்டு பேருக்கும் சண்ட ஆரம்பிச்சதே இந்தப் பேர்லதான் மேடம்! யாராச்சும் போனப் போட்டு 'சுவிட்சு போயிடுச்சு'ம்பாங்க. மச்சான் டெஸ்டரத் தூக்கிட்டு ஓடுவாரு, பாத்தா என்னோட பொட்டியா இருக்கும். நான் லேப்டாப்பத் தூக்கிட்டு மூச்சு வாங்க ஓடுவேன், பாத்தா பாத்ரூம் லைட்டா இருக்கும். ஒரு தடவ பல் டாக்டரு ரூம்ல ரெண்டு பேரும் ஒரே நேரத்துல போயி மூச்சு வாங்கிட்டு நிக்கறோம். டாக்டரு எங்க மூஞ்சியப் பாத்துட்டு, 'ரெண்டு பேர்ல யாருக்கு வலி ஜாஸ்தி'ங்கறாரு!

எனக்குப் படிப்பு ஏறல மேடம். ஏழாங்கிளாசு வாசலோட திரும்பின ஆளு. ஆனா இந்தப் பொட்டிங்களோட பேசறதுக்கு ஒரு வித்த கத்து வெச்சிருக்கேன். இதெல்லாம் மாட்டினப்ப கண்ணாடி போட்ட ஒரு இன்ஜினியரு வந்தாரு. அவரு ஒரு மத்தியானம் பூரா உக்காந்து சொல்லிக் குடுத்தாரு. எம் லேப்டாப்புல இந்தக் கறுப்புத் திரையப் பாருங்க. படம் கெடையாது, பட்டன் கெடையாது, ஒன்னும் கெடையாது. எழுத்தா அடிக்கணும், பதிலும் எழுத்தாத்தான் வரும். கட்டளைக்குப் பேரு எஸ்என்எம்பி கெட். அப்புறம் எந்தப் பொட்டின்னு அதோட நம்பரு. அப்புறம் கேள்வி. கேள்வின்னா 'ஏம்ப்பா எப்டி இருக்க'ன்னு அடிக்க முடியாது. கேள்வியும் நம்பருதான். ஒன்னு புள்ளி மூனு புள்ளி ஆறு புள்ளி ஒன்னு புள்ளி ரெண்டு புள்ளி ஒன்னு புள்ளி ஒன்னு புள்ளி மூனு புள்ளி சைபர். பாத்தீங்களா, மூச்சு விடல! எங்க அக்கா பொண்ணு எட்டாம் வாய்ப்பாட்டுல ஏழெட்டு வந்ததும் நின்னுடும், நான் நிக்க மாட்டேன். அந்தக் கடைசி சைபர விட்டுட்டீங்கன்னு வைங்க, 'அப்டி ஒன்னு எங்கிட்ட இல்ல'ன்னு மூஞ்சில அடிச்ச மாதிரி சொல்லிடும். வெறும் சைபரு மேடம்! அதுக்கு அவ்ளோ மரியாத.

அப்புறம் ரகசிய வார்த்த ஒன்னு இருக்கு. அதச் சொன்னாத்தான் பொட்டி வாயவே தொறக்கும். ஒங்களுக்கு மட்டும் சொல்றேன், கிட்ட வாங்க... 'பப்ளிக்'! சிரிக்காதீங்க மேடம், சத்தியமா! பொட்டி செஞ்சவங்களே வெச்சு அனுப்பினது. ரகசியத்துக்குப் போயி ஊருக்குப் பொதுன்னு பேரு வெச்சிருக்கான் பாருங்க, அவன் எங்க குடும்பத்து ஆளாத்தான் இருக்கணும். எங்க வீட்டுலயும் ரகசியம்னா எல்லாருக்கும் தெரிஞ்ச விசயம்னுதான் அர்த்தம். இத மொதல் வேலையா மாத்துன்னு இன்ஜினியரு சொன்னாரு. மாத்தணும். மாத்திடலாம்.

கெட்டுன்னா ஒரு கேள்விக்கு ஒரு பதிலு. இன்னொன்னு இருக்கு, எஸ்என்எம்பி வாக். அதப் போட்டீங்கன்னா தொலைஞ்சீங்க. எங்க பெரியம்மாகிட்ட 'சௌக்கியமா'ன்னு கேட்ட கததான். முட்டி வலியில ஆரம்பிச்சு மூனாவது மருமக வரைக்கும் வருமே, அது மாதிரி... எம் பேரு இது, நான் இருக்கற எடம் இது, எனக்கு இத்தன ஓட்ட, இந்த ஓட்டையில இந்த வயரு, இவ்ளோ வந்துச்சு, இவ்ளோ போச்சு... திரை ஓடும் பாருங்க, நீங்க போயி டீ குடிச்சுட்டு வரலாம். மச்சான் ஒரு நாளு இதப் பாத்துட்டாரு. அன்னியோட எம் பேரு போச்சு. 'டேய் வாக்கு'ன்னுதான் கூப்புடறாரு! 'டேய் வாக்கு, கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுடா.' இப்ப அக்கா பொண்ணும் 'வாக்கு மாமா'ங்குது. வாட்ச்மேனும் 'வாக்கண்ணே'ங்கறான்.

மணி என்ன? பதினொன்னு இருவதா? வருவாரு, வருவாரு.

பெருமைக்குச் சொல்லல, இந்த வித்த வந்ததுல இருந்து எனக்குத் தெரியாம இங்க ஒரு ஈ பறக்காது. ரெண்டாவது மாடி வக்கீல் ஆபீசு பிரின்டர்ல மை எவ்ளோ இருக்குன்னு இங்க உக்காந்தே கேட்டுடுவேன். அதுவும் பதில் சொல்லும்ல! அந்த குமாஸ்தா 'மை தீந்துடுச்சு'ன்னு சொல்லப் போன எடுப்பாரு, நான் டப்பாவோட வாசல்ல நிப்பேன். மொத தடவ மனுசன் பயந்துட்டாரு. மேசைக்கு அடியில குனிஞ்சு கேமரா தேடினாரு.

ஆனா எனக்கு உசுரு எந்தக் கேள்வி தெரியுமா? அந்த ஒன்னு புள்ளி மூனு புள்ளி ஆறு சொன்னேன்ல, அதுதான். 'எத்தன நாளா முழிச்சிருக்க?' கரன்ட்டு போட்ட நொடியில இருந்து பொட்டி எண்ண ஆரம்பிக்கும். ஒரு நொடிய நூறாக் கிழிச்சு எண்ணும் மேடம்! நடுவுல யாராச்சும் கரன்ட்டப் புடுங்கினா முடிஞ்சுது, மறுபடி சைபர்ல இருந்து. காலையில வந்ததும் எனக்கு மொத வேல ஆறு மாடிக்கும் ஆஜர் எடுக்கறதுதான். நூறு நாளு தாண்டுச்சு. எரநூறு தாண்டுச்சு. கரன்ட்டு போகும், பேட்டரி தாங்கும், ஜெனரேட்டர் எந்திரிக்கும்... எம் பொட்டிங்க கண்ண மூடாது. நானூத்தித் தொண்ணூத்தேழு நாளு மேடம்! ஒரு வருசம் போயி, அதுக்கு மேல நாலு மாசம்! ஐநூறு ஆனா கட்டடம் பூரா மிட்டாயின்னு எல்லார்கிட்டயும் சொல்லி வெச்சிருந்தேன். வாங்கியும் வெச்சாச்சு, ஆரஞ்சு மிட்டாய், ஆறு பாக்கெட்டு. இன்னும் மூனே நாளு. மூனே மூனு நாளு பொறுக்கல அந்த மனுசனுக்கு!

பொறாம, வேற என்ன? 'பேட்டரி என்னோடது, ஜெனரேட்டர் என்னோடது, ராவும் பகலும் கரன்ட்டு நிக்காமப் பாத்துக்கறது நானு, மிட்டாய் குடுத்துப் பேரு வாங்கறது நீயாடா'ங்கறாரு. நியாயந்தான... இல்ல இல்ல, என்ன நியாயம்!

அதுக்கு மேல போன வாரம் அந்த ஏணி விவகாரம். அவரு அஞ்சாவது மாடியில சீலிங்குக்கு மேல ஏறி உக்காந்து வயர் இழுத்துக்கிட்டு இருந்திருக்காரு. கீழ ஏணி சும்மா நிக்குது. சும்மா நிக்கற ஏணிய எடுக்கறது ஒரு குத்தமா? எடுத்துட்டுப் போயிட்டேன். மேல ஆளு இருக்குன்னு நான் என்னத்தக் கண்டேன்... சரி, ரெண்டு காலு தொங்குச்சு. ஒத்துக்கறேன். நான் வயருன்னு நெனச்சேன்! வயரு செருப்புப் போடுமான்னு நீங்க கேக்கலாம். அவரும் அதத்தான் கேட்டாரு. ஒன்றர மணி நேரம் கழிச்சு எறங்கி வந்து, அத்தன பேரு முன்னாடி கத்தறாரு: 'டேய் வாக்கு! ஒம் பொட்டிங்க ஐநூறு நாளப் பாத்துடுமாடா? நானும் பாக்கறேண்டா!' வக்கீலு இருந்தாரு, பல் டாக்டரு இருந்தாரு. கேட்டுப் பாருங்க.

சொன்ன மாதிரியே செஞ்சுட்டாரு. நேத்து பன்னெண்டு மணிக்கு ஆஜர் எடுக்கறேன், கீழ மூனும் நானூத்தித் தொண்ணூத்தேழு, மேல மூனும் ஒரு நாளு கம்மி. சாப்ட்டுட்டு ரெண்டு மணிக்கு வந்து கேக்கறேன்... மொத மாடி, ஒன்றர மணி நேரமாத்தான் முழிச்சிருக்கேங்குது. ரெண்டாவது மாடி, அம்பது நிமிசம். மூனாவது மாடி, ரெண்டே நிமிசம்! எனக்கு ஒடம்பெல்லாம் எரிஞ்சுது மேடம். கணக்குப் போட்டுப் பாருங்க. மொதல்ல மொத மாடி. முக்கா மணி நேரம் கழிச்சு ரெண்டு. அதுக்கப்புறம் மூனு. ஒருத்தன் நிதானமா மாடி மாடியா ஏறிப் போயி, ஒவ்வொன்னாப் புடுங்கிச் சொருகிட்டுப் போயிருக்கான்! சாவி யாருகிட்ட இருக்கு? எங்கிட்ட ஒன்னு, மச்சான்கிட்ட ஒன்னு. நான் கேன்டீன்ல இருந்தேன். முடிஞ்சுதா?

யாராச்சும் போனு கட்டாச்சுன்னு சொன்னாங்களான்னா கேக்கறீங்க? அது... யாரும் சொல்லல. சாப்பாட்டு நேரம்ல. யாரு கவனிச்சா?

ஓடினேன் ஓனர்கிட்ட. குமாஸ்தாகிட்டச் சொல்லி எழுதிக்கிட்டு ஓடினேன். ராத்திரியே அக்காவுக்கு விசயம் போயிடுச்சு. நாங்க மாடி வீடு, அவங்க கீழ் வீடு. எப்பவும் கீழ இருந்து கத்துவா, நேத்து ஒரு சத்தம் இல்ல. காலையில போன் வருது. எடுத்தா, 'சாப்பாடு குடுத்து அனுப்பியிருக்கேன், ஆறிடாம சாப்டு'ன்னுட்டு வெச்சுட்டா. அவ்ளோதான். திட்டியிருந்தாக்கூடப் பரவால்ல மேடம். யாருகிட்டக் குடுத்து அனுப்பியிருக்கா தெரியுமா? மச்சான்கிட்ட. அவரும் எம் மேசை மேல டப்பாவ வெச்சுட்டுப் போயிட்டாரு. மூடி தொறக்காம இருக்கட்டும்னு நல்லா அமுக்கிக்கூட வெச்சிருக்காரு... சரி, அது வேற, இது வேற. வேலன்னா வேல.

இந்தா, பாருங்க. அடிக்கறேன். கெட், பப்ளிக், நாலாவது மாடி நம்பரு, ஒன்னு புள்ளி மூனு... வந்துடுச்சா? நானூத்தித் தொண்ணூத்தேழு நாளு, ரெண்டு மணி, இருவத்திநாலு நிமிசம். பாருங்க, இது நேத்து தப்பிச்சுக்கிச்சு. இந்த அம்புக்குறிய ஒரு தட்டு, என்டர ஒரு தட்டு, திரும்பத் திரும்பக் கேட்டுக்கிட்டே இருக்கலாம். கோவிச்சுக்காது. இருவத்தஞ்சு நிமிசம். கதவப் பாத்துக்கங்க மேடம், எந்த நேரமும் வருவாரு. இருவத்தாறு. பக்கத்து ஆபீசு அம்மா போன்ல பேசறது இங்க வரைக்கும் கேக்குது பாருங்க, அந்தப் போனும் இந்தப் பொட்டி வழியாத்தான்... இருவத்தேழு நிமிசம் முப்பது நொடி. என்னடா இன்னும் ஆளக் காணோம்? நாப்பது. அம்பது. அம்பத்தி ரெண்டு...

ஒரு நொடி.

இல்ல மேடம், 'ஒரு நொடி இருங்க'ன்னு சொல்லல. ஒரு நொடின்னு இருக்கு. திரையில. நாளு இல்ல, மணி இல்ல. ஒரு நொடியா முழிச்சிருக்கேங்குது. இப்ப நாலு நொடி.

யாரு புடுங்கினா? யாரும் வரலையே! கதவு மூடித்தான இருக்கு? நீங்க கால்ல கீல்ல வயரத் தட்டிவிட்டீங்களா? இல்லையா... லைட்டு பச்சையாத்தான் இருக்கு. கரன்ட்டப் புடுங்கிப் போட்டா இது கல்யாண வீட்டு ஸ்பீக்கர் மாதிரி ஒரு நிமிசம் கூவும். பேச வாய் வர்றதுக்கு மூனு நிமிசம் ஆகும். இது கூவல. அந்தம்மா இன்னும் போன்ல பேசிக்கிட்டேதான் இருக்காங்க... ஒரு வார்த்த அறுபடல.

இருங்க, வாட்ச்மேனக் கேப்போம்... அலோ, தம்பி! மச்சான் எங்கடா? வாசல்லயா? எப்ப இருந்து? ஒம்போது மணியில இருந்தா? நடுவுல எங்கயும் எந்திரிச்சுப் போகலையா? நேத்து மத்தியானம் எங்க இருந்தாரு? ... ஜெனரேட்டருக்கு டீசல் வாங்க ஒங்கூடத்தான் வந்தாரா? ஏன்டா இத நேத்தே சொல்லல? ... நான் கேக்கலையா. சரி, வை.

மேடம்... எனக்கு ஒன்னு ஞாபகம் வருது. மச்சான்கிட்ட ஒரு பழைய ஸ்கூட்டர் இருந்துச்சு. கிலோமீட்டர் காட்டற எடத்துல அஞ்சு கட்டம். எல்லாம் ஒம்போது ஒம்போதா வந்து நின்னு, ஒரு நாளு மொத்தமா முட்டையா விழுந்துடுச்சு. வண்டி நிக்கல, ஓடிக்கிட்டேதான் இருந்துச்சு. எழுதறதுக்குக் கட்டம் பத்தல, அவ்ளோதான். நான் பின்னாடி உக்காந்திருந்தேன். 'பாருடா, புது வண்டியாயிடுச்சு'ன்னு அவரு சிரிச்ச சிரிப்பு...

இதுக்கும் கட்டம் பத்தலையோ?

அந்த இன்ஜினியரு ஏதோ சொன்னாரு மேடம். ஒரு அளவுக்கு மேல இது எண்ணாது, நாள் கணக்கு மறுபடி மொதல்ல இருந்து வரும், பாத்துப் பயந்துடாதீங்கன்னு... சொன்னாரு. அவரு சொல்லும்போது நான் பேசிக்கிட்டு இருந்தேன்.

அய்யய்யோ. இருங்க. மொத மாடி, முக்கா மணி கழிச்சு ரெண்டு, அப்புறம் மூனுன்னு ஒருத்தன் மாடி மாடியா ஏறினான்னு சொன்னேன்ல? ஏறினான் மேடம். ஏறினது நான்தான்! பொட்டி மாட்டின அன்னிக்கு! காலையில மொத மாடியில ஆரம்பிச்சு, ஒன்னு ஒன்னா கரன்ட்டு குடுத்துக்கிட்டே ஏறி, மூனாவது மாடியோட இடுப்பு ஒடிஞ்சு போயி வீட்டுக்குப் போயிட்டேன். நாலாவது மாடி மறுநா காலையில. அதே வரிசையில, அதே எடவெளி விட்டு, எல்லாம் கட்டம் தீந்து விழுது! இன்னும் கொஞ்ச நேரத்துல அஞ்சாவதும் விழும் பாருங்க. ஒரு வருசம் நாலு மாசத்துக்கு முன்னாடி படியேறின என்னையவே நான் தேடிக்கிட்டுத் திரிஞ்சு, மச்சானப் புடிச்சுக் குடுத்திருக்கேன்!

இதுக்கு ஐநூறு எண்ணவே தெரியாது மேடம். நான் பாட்டுக்கு ஆறு பாக்கெட்டு மிட்டாய் வாங்கி வெச்சிருக்கேன்.

அந்தப் பேப்பரக் கிழிச்சுடுங்க. ஒங்க கால்ல வேணாலும் விழறேன். அவர எதுக்கு அனுப்பணும்? என்னைய அனுப்புங்க... இல்ல, இருங்க, அதுவும் வேணாம், அக்காவுக்கு ரெண்டு பக்கமும் தாங்காது. ரெண்டு பேரும் இருந்துடறோம். ஓனர்கிட்ட நானே சொல்லிடறேன். என்னது? மொதல்ல மச்சான்கிட்டயா? நானா? ... மேடம், எனக்கு ஓனர் முன்னாடி வாய் வரும், போலீஸ் முன்னாடி வரும், அவரு முன்னாடி எப்டி... நீங்க சொல்லுங்களேன். நீங்க படிச்சவங்க, பதமாச் சொல்வீங்க. 'கட்டம் பத்தல'ன்னு ஆரம்பிங்க, மிச்சம் நான்...

படியில சத்தம் கேக்குது. மச்சான் நடைதான். கையில சாவிக்கொத்து. பன்னெண்டு மணி ஆகப் போகுதுல்ல, ஒங்ககிட்ட ஒப்படைக்க வர்றாரு. மேடம், நீங்க மொதல்ல... மேடம்?

அட, லிஃப்டு கதவு மூடிடுச்சு. ஃபைலு மட்டும் போயிருக்கு. பேப்பரு இங்க சுருள் மேல இருக்கு. கையெழுத்து போடல. ஒரு பேனாவையும் வெச்சுட்டுப் போயிருக்காங்க... கம்ப்ளெயின்ட்டு வாபஸ்னு நான் எழுதறதுக்கா?

வாங்க மச்சான். அவங்க கீழ போயிட்டாங்க. சாவியெல்லாம் வேணாம், இடுப்புலயே சொருகிக்கங்க. உக்காருங்க. இந்தப் பேப்பரு... இதுல ஒன்னும் இல்ல மச்சான், இந்தா, கிழிச்சாச்சு. நாலாக் கிழிச்சாச்சு. ஒங்க மேல ஒரு தப்பும் இல்ல. எல்லாம் நான் பண்ணினது. ஆமா, நானேதான். மொத மாடி, ரெண்டாவது மாடி, எல்லாம் நானேதான்... சொல்றேன், சொல்றேன், வெவரமாச் சொல்றேன்.

என்ன மச்சான், அப்டிப் பாக்கறீங்க? திட்டுங்க. நல்லாத் திட்டுங்க, வாங்கிக்கறேன்... கையில எடுத்த அந்தத் திருப்புளிய மட்டும் கீழ வெச்சுட்டுத் திட்டுங்க மச்சான்.